பாமாயில் உற்பத்தி வளங்குன்றாதது என்பதை எதைக் கொண்டு மதிப்பிடுவது?

கேள்வி

வணக்கம். எண்ணெய் வித்துப் பயிர்களும் சுற்றுச்சூழலும் பற்றிய கட்டுரை ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். பாமாயில் வந்த இடத்தில் மேலே நகர முடியவில்லை. எண்ணெய்ப்பனை ஆண்டுக்கு ஒரு ஹெக்டேரில் 3 முதல் 4 டன் எண்ணெய் தருகிறது, சோயாவோ ஏறத்தாழ அரை டன்தான் தருகிறது என்பதால், நிலத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் பயிர் இதுவே என்கிறார்கள். சுமத்ராவிலும் போர்னியோவிலும் ஒராங்குட்டான் வாழ்ந்த காடுகள் இந்தப் பயிருக்காகவே வெட்டப்பட்டன என்பதும் மறுக்க முடியாத உண்மை. இவ்விரண்டையும் எந்த அளவுகோலில் வைத்து எடைபோடுவது? சான்றிதழ் இருக்கிறதா என்று பார்த்தால் போதுமா?

பதில் 1

விளைச்சல் கணக்கு சரியானதுதான். ஆனால் அது பயிரைப் பற்றிச் சொல்கிறதே தவிர, ஒரு குறிப்பிட்ட தோட்டத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஆகவே, மரம் நடுவதற்கு முன் அந்த நிலத்தில் என்ன இருந்தது, அது எப்போது அழிக்கப்பட்டது என்பதையே நான் முதலில் கேட்பேன்.

பழைய ரப்பர் தோட்டத்தில் நட்ட எண்ணெய்ப்பனையும், பீட் எனப்படும் கரிமச் சதுப்பு நிலத்தை வடியவைத்து நட்ட பனையும் ஒரே அளவு எண்ணெய் தரலாம். ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. பல்லாயிரம் ஆண்டுகளாக நீருக்கடியில் மட்காமல் கிடந்த தாவரப் பொருள்தான் பீட். கால்வாய் வெட்டி நீரை வடித்ததும் அதில் காற்று புகுந்து மட்கத் தொடங்குகிறது; நிலம் வடிந்த நிலையில் இருக்கும் வரை ஆண்டுதோறும் கரியமில வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும். நிலமும் மெல்லத் தாழ்ந்து, கடைசியில் வெள்ளம் தேங்கும் பள்ளமாகி, பனைக்கும் உதவாமல் போகிறது. காய்ந்த பீட் தீப்பிடித்தால் மண்ணுக்கடியிலேயே புகைந்து பரவுவதால் அணைப்பதும் மிகக் கடினம். 2015இல் இந்தோனேசியாவில் ஏறத்தாழ 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. இழப்பு 1,600 கோடி டாலர் என உலக வங்கி மதிப்பிட்டது. எரிந்தது முழுவதும் பனைத் தோட்டம் அல்ல, பழியையும் இந்த ஒரு பயிர்மீது மட்டும் போட முடியாது. எனினும், வடியவைத்த பீட் நிலங்களே அந்தத் தீயை அத்தனை கொடியதாக்கின.

'எப்போது' என்பதற்கு ஒரே விடை இல்லை என்பதையும் கட்டுரையில் சுட்டிக்காட்டுங்கள். ஆர்எஸ்பிஓ என்ற பன்னாட்டுச் சான்றளிப்பு அமைப்பின் விதிகளில், முதன்மைக் காடுகளுக்கு 2005 நவம்பர் எல்லைக்கோடாக உள்ளது; அதாவது, அதற்குப் பிறகு அவற்றை அழித்து நட்டிருக்கக் கூடாது. பீட் நிலத்தில் புதிதாக நடுவதற்கான தடை 2018 நவம்பரிலிருந்துதான் வருகிறது. காடழித்து விளைவித்த பொருள்களைத் தடுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுச் சட்டமோ 2020 டிசம்பர் 31ஐ எல்லையாக வைக்கிறது. ஆகவே ஒரே தோட்டம் ஒரு விதியில் தேறி இன்னொன்றில் தவறக்கூடும்.

பழத்திலிருந்து எண்ணெய் எடுக்கும் ஆலையையும் விட்டுவிடாதீர்கள். கழிவுநீரைத் திறந்த குளங்களில் தேக்கினால் மீத்தேன் வெளியேறும்; குளத்தை மூடி அந்த வாயுவைப் பிடித்து எரிபொருளாக்கும் ஆலைகளும் உள்ளன.

பதில் 2

சான்றிதழ் பற்றிய கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். 2004இல் தொடங்கிய ஆர்எஸ்பிஓவின் சான்று, இன்று உலகப் பாமாயிலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு உள்ளது. அச்சான்றிலும் வகைகள் உண்டு. சான்று பெற்ற எண்ணெயைத் தனியே பிரித்துக் கொண்டுவருவது ஒரு வகை. 'மாஸ் பேலன்ஸ்' முறையில் சான்று பெற்றதும் பெறாததும் கலக்கப்பட்டு, அளவு மட்டும் கணக்கில் சரிபார்க்கப்படுகிறது. அப்படி வாங்கிய எண்ணெய் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. எனவே, சான்று உண்டா என்பதோடு எந்த வகைச் சான்று என்பதையும் கேட்க வேண்டும்.

பழக்குலைகளை வெட்டிய ஓரிரு நாளுக்குள் ஆலைக்குக் கொண்டுசேர்க்காவிட்டால் எண்ணெயின் தரம் கெட்டுவிடும் என்பதால், எந்த ஆலையும் தன்னைச் சுற்றியுள்ள பகுதியிலிருந்தே குலைகளை வாங்குகிறது. ஆலையின் பெயர் தெரிந்தால், அச்சுற்றுவட்டாரத்தின் காட்டு நிலையைச் செயற்கைக்கோள் படங்களில் பார்க்கலாம். தரகர்கள் பல சிறு தோட்டங்களின் குலைகளை ஒன்றாகச் சேர்த்து விற்கும் இடத்தில்தான் தடம் அறுந்துபோகிறது.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. தோட்டம்வரை தடம் காட்ட வேண்டும் என்று வற்புறுத்தினால், ஆவணம் இல்லாத சிறு விவசாயிகள் சந்தையிலிருந்து ஒதுக்கப்பட மாட்டார்களா?

பதில் 1 எழுதியவர்

ஒதுக்கப்படும் அபாயம் உண்மையிலேயே இருக்கிறது. இந்தோனேசியாவின் பனைப் பரப்பில் ஏறத்தாழ 40 விழுக்காடு சிறு விவசாயிகளிடம் உள்ளது. பலரிடம் முறையான பட்டா கிடையாது. அவர்களுடைய விளைச்சல் குறைவாக இருப்பதற்குத் தரமற்ற நாற்றும் ஒரு காரணம். பனை 25 ஆண்டுகள் நிற்கும் மரம் என்பதால், நடும்போது செய்த தவறை ஒரு தலைமுறை சுமக்க வேண்டியிருக்கிறது. நல்ல நாற்றும் மறுநடவுக் கடனும் கிடைத்தால், இருக்கும் நிலத்திலேயே கூடுதலாக விளைவிக்கலாம். ஆனால் விளைச்சல் கூடினால் காடு தானாகத் தப்பும் என்று எழுதிவிடாதீர்கள். வருமானம் உயர்ந்தால் புதிதாகக் காட்டை அழிக்கும் ஆசையும் உயரும். ஆகையால், சான்று பெற்ற நிறுவனம் தன் சொந்தத் தோட்டத்துக்கு அப்பால், தனக்குக் குலை தரும் சிறு விவசாயிகளின் நிலத்தை வரைபடத்தில் பதியவும் பட்டா பெறவும் செலவு செய்கிறதா என்பதை உங்கள் அளவுகோலில் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.