மெத்திலேற்றம் 50 விழுக்காடு என்று வந்தால் அதற்கு என்ன பொருள்?

ஆய்வு மாணவி (கேள்வி):
மனித மூளைத் திசுவின் டி.என்.ஏ.வை, மெத்தில் தொகுதி ஏறாத சைட்டோசினை மட்டும் மாற்றித் தைமினாக வாசிக்கவைக்கும் பைசல்பைட்டால் வினைப்படுத்தி, முழு மரபணுத்தொகுதியையும் வரிசைப்படுத்தியிருக்கிறோம். ஓர் இடத்துக்குச் சராசரியாக 8 வாசிப்புகள் (வரிசைப்படுத்தப்பட்ட டி.என்.ஏ. துண்டுகள்) கிடைத்துள்ளன. பெரும்பாலான சிபிஜி இடங்களில் (சைட்டோசினை அடுத்துக் குவானின் வரும் இடங்கள்) மெத்திலேற்றம், அதாவது சைட்டோசினில் மெத்தில் தொகுதி சேர்தல், மிகுந்தும், அவ்விடங்கள் செறிந்த சிபிஜி தீவுகளில் ஏறத்தாழ இல்லாமலும் இருப்பது எதிர்பார்த்ததே. ஆனால் 40 முதல் 60 விழுக்காடு வரை காட்டும் இடங்களும் கணிசமாக உள்ளன. ஒரு செல்லின் ஒரு குரோமோசோமில் ஒரு சைட்டோசின் மெத்தில் தொகுதியைத் தாங்கியிருக்கும், அல்லது தாங்கியிராது. அதற்குப் பாதி நிலை கிடையாது. அப்படியிருக்க, இந்த மதிப்புகளை உண்மையென்று கொள்வதா, பிழையென்று ஒதுக்குவதா?

செல் உயிரியலர்:
நீங்கள் அளந்திருப்பது ஒரு செல்லை அன்று. நியூரான்களும் அவற்றுக்குத் துணைநிற்கும் கிளியா செல்களும் கலந்த ஒரு கூட்டத்தை. ஒரு வகைச் செல்லில் மெத்திலேற்றம் பெற்றும் மற்றொன்றில் பெறாமலும் இருக்கும் இடம், கலவையில் இடைப்பட்ட மதிப்பையே தரும். மரபணுப் பதிப்புக்கு (தாய்வழி, தந்தைவழிப் பிரதிகளுள் ஒன்றில் மட்டும் மெத்திலேற்றம் நிகழ்வது) உட்பட்ட பகுதிகளிலோ ஒரே செல்லுக்குள்ளேயே பாதி கிடைக்கும்: 11ஆம் குரோமோசோமில் எச்19 மரபணுவுக்கு அருகேயுள்ள கட்டுப்பாட்டுப் பகுதியில், தந்தைவழிப் பிரதி மட்டுமே மெத்திலேற்றம் பெறுகிறது. அங்கே உங்கள் தரவு 50ஐ ஒட்டி வராவிட்டால்தான் நான் கவலைப்படுவேன். சராசரியை மட்டும் பாராமல், தனித்தனி வாசிப்புகளையும் பாருங்கள். பல சிபிஜிகளைக் கடக்கும் ஒரு வாசிப்பு முழுவதும் மெத்திலேற்றம் பெற்றும் இன்னொன்று முழுவதும் பெறாமலும் இருந்தால், அங்கே இரு செல்வகைகளோ இரு பிரதிகளோ கலந்திருக்க வாய்ப்பு மிகுதி.

தரவு ஆய்வாளர்:
உயிரியலுக்குப் போகுமுன் எண்ணிக்கையைக் கவனிக்க வேண்டும். உண்மையில் 80 விழுக்காடு மெத்திலேற்றம் உள்ள ஓர் இடத்தை 8 வாசிப்புகளால் அளந்தால், ஏறத்தாழ ஐந்தில் ஒரு முறை, அவற்றுள் 5 அல்லது அதற்கும் குறைவானவையே மெத்திலேற்றத்தைக் காட்டும். மனித மரபணுத்தொகுதியில் சுமார் 2.8 கோடி சிபிஜி இடங்கள் இருப்பதால், இந்தத் தற்செயல் விலகல் மட்டுமே பல லட்சம் போலி இடைமதிப்புகளை உண்டாக்கிவிடும். எனவே எதிரெதிர் இழைகளின் எண்ணிக்கையைக் கூட்டி, அடுத்தடுத்த இடங்களைச் சேர்த்துப் பகுதி பகுதியாக மதிப்பிடுங்கள். சைட்டோசின் தைமினாக மாறிய மரபுவேறுபாடும் பாதி மெத்திலேற்றம்போலத் தோன்றும். அதை எதிரிழை காட்டிக்கொடுத்துவிடும். பைசல்பைட் மாற்றம் மட்டுமே நிகழ்ந்திருந்தால் எதிரிழையில் குவானின் அப்படியே இருக்கும், மரபுவேறுபாடாக இருந்தால் அங்கே அடினின் வரும். பைசல்பைட் மாற்றம் முழுமையாக நடந்ததா என்றறிய, மெத்திலேற்றம் இல்லாத லாம்டா பேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸ்) டி.என்.ஏ.வை மாதிரியில் கலந்திருந்தீர்களானால், அதில் மாறாமல் எஞ்சிய சைட்டோசின்களின் விழுக்காட்டையும் இங்கே தெரிவியுங்கள்.

ஆய்வு மாணவி:
லாம்டாவில் எஞ்சியது 0.5 விழுக்காட்டுக்கும் குறைவு. எச்19 பகுதியும் எதிர்பார்த்தபடியே உள்ளது. பைசல்பைட்டுக்கு மாற்றாக நொதிவழி முறையைக் கையாண்டால் ஐயம் குறையுமா?

செல் உயிரியலர்:
டி.என்.ஏ. சிதைவது குறையும், வாசிப்புகளும் மரபணுத்தொகுதியெங்கும் சீராகப் பரவும். ஆனால் மூளைத் திசுவுக்கே உரிய சிக்கல் ஒன்று அப்படியே நிற்கும். நியூரான்களில், மெத்தில்சைட்டோசின் ஆக்சிஜனேற்றம் பெற்று உண்டாகும் ஹைட்ராக்சிமெத்தில்சைட்டோசின் மிகுதி. பைசல்பைட்டைப் போலவே வழக்கமான நொதிவழி முறையும் அதை மெத்தில்சைட்டோசினிலிருந்து பிரித்துக் காட்டாது. பைசல்பைட்டுக்கு முன் ஆக்சிஜனேற்றம் செய்தால், ஹைட்ராக்சிமெத்தில் வடிவம் மட்டும் மாற்றத்துக்கு உள்ளாகித் தைமினாக வாசிக்கப்படும். ஒரே மாதிரியை இரு வழியிலும் வரிசைப்படுத்திக் கழித்தால் அதன் அளவு கிடைக்கும். கழிக்கும்போது இரண்டின் பிழையும் கூடுவதால், 8 வாசிப்புகள் அதற்குப் போதா.