டான்சில் ஆபரேஷன் வலி: அழுதா மட்டும்தான் மருந்தா?

கேள்வி (ஆறு வயசுக்காரியின் அம்மா):
டான்சில் எடுத்து இன்னைக்கு நாலாவது நாள். முதல்ல பரவாயில்லாம இருந்தா, இப்போ எச்சில் முழுங்கவே அழறா. காதும் வலிக்குதாம். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாராசிட்டமால் சிரப் எழுதியிருக்காங்க. மாமியார் "அழுதா குடு, சும்மா ஊத்தாதே"ங்கறாங்க. தூங்கறவளை எழுப்பணுமா?

பதில் (வார்டு நர்ஸ்):
குழந்தைகள் சர்ஜரி வார்டுல வேலை பார்க்கறேன்மா. வலி இந்தளவு இருக்கும்போது எழுப்பிக் கொடுக்கறதுதான் எங்க வழக்கம். உங்க டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. அழற வரைக்கும் விட்டா வலி உச்சத்துக்குப் போயிடும், அப்புறம் மருந்துக்குக்கூட வாயைத் திறக்க மாட்டா. தண்ணி இறங்கலைன்னா தொண்டை காய்ஞ்சு இன்னும் எரியும். மூணாம் நாள்லேருந்து ஒரு வாரம் வரை வலி கூடறது சகஜம். தொண்டைக்கும் காதுக்கும் போறது ஒரே நரம்போட கிளைங்க, அதான் காது வலி. காதுல எண்ணெய் எதுவும் விடாதீங்க.

பாட்டில் லேபிளைப் பாருங்க. 5 மில்லிக்கு 120 மி.கி. உள்ளதும் இருக்கு, 250 உள்ளதும் இருக்கு. ஒரு வேளைக்கு எடையில கிலோவுக்கு 15 மி.கி., நாளைக்கு நாலு வேளைக்கு மேல வேண்டாம். சில சளி மருந்துலயும் பாராசிட்டமால் கலந்திருக்கும், அதைச் சேர்த்துக் கொடுத்துடாதீங்க.

இன்னொண்ணு, கம்முனு படுத்திருக்கற பிள்ளையைத்தான் நான் மறுபடி போய்ப் பார்ப்பேன். பிள்ளைங்க ஊசிக்குப் பயந்து "வலிக்கல"ன்னு சொல்லிடும். சிரிக்கற மூஞ்சிலேருந்து அழற மூஞ்சி வரைக்கும் வரிசையா வரைஞ்சு, "உன் தொண்டை இதுல எது?"ன்னு கேளுங்க. விரல் சரியாப் போய் நிக்கும்.

பதில் (பதினஞ்சு வயசுப் பையனோட அப்பா):
என் பையனுக்கு லேப்ராஸ்கோப்புல, அதாவது வயித்துல சின்னத் துளை போட்டு, குடல்வால் எடுத்தாங்க. வயித்தை விட்டுட்டுத் தோள்பட்டை வலிக்குதுன்னான், நடிக்கறான்னு நினைச்சோம் சிஸ்டர்.

நர்ஸ்:
நடிப்பில்லை சார். ஆபரேஷனுக்காக வயித்துக்குள்ள செலுத்தின கேஸ், நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கற உதரவிதானத் தசையை உறுத்தும், வலி தோள்ல தெரியும். பெரும்பாலும் ரெண்டு மூணு நாள்ல அடங்கிடும். இருமும்போது தலையணையை வயித்தோட அணைச்சுப் பிடிச்சுக்கச் சொல்லுங்க.

கேள்வி கேட்டவர்:
எனக்கு எழுதின கோடீன் இருமல் மருந்து வீட்ல மிச்சம் இருக்கு. கொஞ்சம் கொடுக்கலாமாக்கா?

நர்ஸ்:
தொடவே தொடாதீங்க! கோடீன் உடம்புக்குள்ள மார்ஃபினா மாறும். சில பிள்ளைங்களுக்கு அது மளமளன்னு மாறி மூச்சே அடங்கிடும். டான்சில் எடுத்த குழந்தைங்க இப்படி இறந்ததாலதான் அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்.டி.ஏ. 2013ல கடும் எச்சரிக்கை கொடுத்தது. 2017ல 12 வயசுக்குக் கீழே யாருக்குமே கூடாதுன்னுட்டாங்க. டிரமடால்ங்கற வலி மருந்தும் அப்படித்தான். ஆஸ்பிரினும் வேண்டாம். சிரப் போதலைன்னா ஐபுப்ரோஃபென் சேர்க்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. வாயில புது ரத்தம் வந்தாலோ, அடிக்கடி எதையோ முழுங்கிட்டே இருந்தாலோ இங்கே எழுதிட்டு இருக்காம நேரா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க.