புதுப்பிப்பு: அம்மாவுக்கு மார்பை முழுவதும் எடுக்க வேண்டியிருந்ததா?

மார்பகப் புற்றுநோய்க்கு மார்பை முழுவதும் எடுத்தே ஆக வேண்டுமா என்று அம்மாவுக்காகக் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. தேவைப்படவில்லை.

"கத்தி வைக்கும் முன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இன்னொரு கருத்து கேளுங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. அம்மாவின் கட்டி ஹெர்-2 பாசிட்டிவ் (ஹெர்-2 என்ற புரதம் அதிகமாக உள்ள வகை) என்பதால் முதலில் கீமோவும், அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்தும் கொடுத்துக் கட்டியைச் சுருக்கினார்கள். அப்புறம் கட்டியை மட்டும் எடுத்து, கதிர்வீச்சு. டிராஸ்டுசுமாப் மொத்தம் ஒரு வருடம், அது இன்னும் ஓடுகிறது. இதயத்தைப் பாதிக்கலாம் என்பதால் இடையிடையே எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கிறார்கள்.

எதிர்பாராதது ஒன்று. முடி கொட்டியபோது கலங்காத அம்மா, கதிர்வீச்சு முடிந்து வீட்டில் சும்மா இருந்தபோதுதான் உடைந்துபோனார். கவுன்சலிங் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார் (அவர் பிடிவாதம் அப்படி). வார்டில் பழகிய வியாசர்பாடி அக்கா தினமும் போனில் பேச ஆரம்பித்த பிறகுதான் சரியாகச் சாப்பிடுகிறார். நல்ல வேளை, நம்பர் வாங்கி வைத்திருந்தோம்.