கத்திரி வெயிலும் காத்தடிக்கிற தொட்டியும்: பாளையங்கோட்டை, நம்ம தெரு வாட்ஸ்அப் குழு

ஞாயிறு

காலை 7:05 – மேலவீட்டு அக்கா: எல்லாருக்கும் வணக்கம். மே 4 அக்னி நச்சத்திரம் பொறக்கு. லீவுக்கு புள்ளைய நாலு பேரு வாராங்க. காத்தடிக்கிற நீச்சல் தொட்டி ஒண்ணு வாங்கலாம்னு பாக்கேன். 10 அடிக்கு 6 அடி, 22 இஞ்ச் உசரம்னு போட்டிருக்கு. மச்சில, அதான் மொட்டை மாடியில, வச்சா இடம் தாராளமா இருக்கும். சட்டப்படி எதும் தொந்தரவு வருமா? எதைப் பாத்து வாங்கணும்?

காலை 7:09 – என்ஜினியர் அண்ணாச்சி: வாங்கு தாயி. ஆனா மச்சில வேண்டாம். ஒரு சதுர அடியில ஒரு அடி உசரத்துக்குத் தண்ணி நின்னா 28 கிலோ. சதுர மீட்டருக்கு 300 கிலோ. ஆளு ஏறி நடமாடுத மாடிக்கு, கட்டடம் தாங்க வேண்டிய சுமையைச் சொல்லுத இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 ரெண்டாம் பகுதியில வச்சிருக்க சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோதான். அரை அடித் தண்ணியிலயே அந்தக் கணக்கு தீந்து போச்சு. அதுக்கு மேல நாலு புள்ளைய குதிக்கணும்லா.

காலை 7:11 – மேலவீட்டு அக்கா: ஆயிரம் லிட்டர் டேங்க்கு வருசக்கணக்கா மச்சி மேலதான நிக்கி அண்ணாச்சி?

காலை 7:16 – என்ஜினியர் அண்ணாச்சி: அது தளத்து நடுவுல நிக்கல. சுவரு, பீமு, தூணு இதுக்கு மேல மேடை கட்டி வச்சிருக்கும். கனம் நேரா அஸ்திவாரத்துக்கு இறங்கிரும். தொட்டிய நீ வைக்கப்போறது ரூமுக்கு நேர் மேல. அங்கன தளம் கீழ வளைஞ்சு அடியில மயிரிழை மாதிரி வெடிப்பு விழும். மேல சிந்துத தண்ணி ஓட்டுக்கு இடையில இறங்கி கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். இன்னைக்கே இடிஞ்சு விழாதுதான். ஆனா விழுந்த வெடிப்பு திரும்பச் சேராது. கட்டை போட்ட பழைய மச்சி வச்சிருக்கவங்க இதை நினைச்சே பாக்க வேண்டாம்.

காலை 7:18 – நர்ஸ் மைனி: இன்னொண்ணு. மச்சி கைப்பிடிச் சுவரு மூணு அடி. தொட்டி விளிம்பு ரெண்டு அடி. விளிம்புல ஏறி நிக்குத புள்ளைக்கு அந்தச் சுவரு முழங்காலுக்குத்தான் வரும்.

காலை 7:20 – மேலவீட்டு அக்கா: சரி, மச்சி வேண்டாம். பொறவாசல்ல தென்னைக்கும் கிணத்தடிக்கும் நடுவுல 12 அடி இடம் இருக்கு.

காலை 7:31 – மாநகராட்சி சார்: பொறவாசல்னா சரிம்மா. சொந்த வளவுக்குள்ள, வீட்டுப் புள்ளைய குளிக்கதுக்கு, கழட்டி மாட்டுத தொட்டிக்கு கட்டட அனுமதி கேக்க வேண்டியதில்ல, அது கட்டுமானம் கிடையாது. வாடகை வீடுன்னா மட்டும் வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை எழுதி வாங்கிக்கிடுங்க. சட்டம் உள்ள வருதது தண்ணி விசயத்துல. மாநகராட்சி குழாய் வீட்டு உபயோகத்துக்குக் குடுத்தது. அதுல நேரா மோட்டார் மாட்டி உறியுதது குத்தம். மோட்டாரைப் பறிமுதல் பண்ணி இணைப்பைத் துண்டிப்பாங்க. நிலத்தடியில எடுக்கிற நல்ல தண்ணிய வீணாக்கக் கூடாதுன்னு மத்திய நிலத்தடி நீர் ஆணையம் 2020 அக்டோபர் 8-ல உத்தரவு போட்டிருக்கு. 2024 மார்ச்சில பெங்களூர்ல நீச்சல் குளத்துக்குக் குடிநீர் விட்டா 5,000 ரூபாய் அபராதம்னு அறிவிச்சாங்க. நம்ம ஊர்ல அப்படி ஒரு நிலைமை வராம இருக்கணும்னா தொட்டிய சின்னதா வாங்கி, விட்ட தண்ணிய மரத்துக்குத் திருப்பணும். பக்கத்து வீட்டுப் புள்ளைகிட்ட அம்பது ரூபா வாங்கிட்டு உள்ள விட்டா அது தொழில். அதுக்கு உரிமம், வேற கரண்ட் கட்டணம் எல்லாம் வரும். அந்தப் பக்கமே போகாதீங்க.

காலை 7:34 – கரண்ட் தம்பி: சார், கொசுவுக்கும் ஒரு சட்டம் இருக்குல்லா?

காலை 7:36 – மாநகராட்சி சார்: ஆமா தம்பி. 1939-ஆம் வருசத்து பொது சுகாதாரச் சட்டம். கொசு வளருத மாதிரி தண்ணி தேக்கி வச்சிருந்தா நோட்டீஸ் குடுக்கலாம், அபராதமும் உண்டு. டெங்கு கொசு முட்டையில இருந்து பறக்கிறதுக்கு நம்ம வெயில்ல ஒரு வாரம் போதும். முட்டை தண்ணி ஓரத்துல பக்கச் சுவர்ல ஒட்டியிருக்கும். அதனால தண்ணிய மாத்தினா மட்டும் பத்தாது, பக்கத்தைத் தேய்ச்சுக் கழுவணும்.

காலை 8:02 – தார்ப்பாய் கடை அண்ணன்: அளவு விசயம் நான் சொல்லுதேன்க்கா. பெட்டியில போட்டிருக்கது வெளி அளவு. 10 அடிக்கு 6 அடின்னா காத்துச் சுவரு போக உள்ள எட்டேகால் அடிக்கு நாலேகால் அடிதான் கெடைக்கும். ஒரு அடித் தண்ணிக்கு ஆயிரம் லிட்டர். மேல வளையம் மட்டும் காத்தடிச்சு நிக்குத 8 அடி வட்டத் தொட்டி, 30 இஞ்ச் உசரம், அதுக்கு 2,400 லிட்டர் வேணும். மூணு வளையம் வச்ச 6 அடி வட்டம்னா உள்ள 5 அடி, ஒரு அடித் தண்ணிக்கு 550 லிட்டர்.

காலை 8:06 – மாநகராட்சி சார்: ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்னு வச்சுத்தான் ஊருக்குக் குடிநீர்த் திட்டம் போடுதாங்க. 550 லிட்டர்ங்கது நாலு பேரு குடும்பத்துக்கு ஒரு நாள் தண்ணி. 2,400 லிட்டர் நாலரை நாள் தண்ணி. இதை மனசுல வச்சு அளவைத் தேர்ந்தெடுங்க.

காலை 8:08 – மேலவீட்டு அக்கா: அப்போ 6 அடி வட்டம். நாலு பேருக்கும் இடம் பத்துமா அண்ணே?

காலை 8:15 – தார்ப்பாய் கடை அண்ணன்: ரெண்டு ரெண்டு பேரா இறக்குங்க, தாராளம். வாங்கும்போது அளவைவிடத் தொட்டியோட எடையப் பாருங்க. ஒரே அளவுல ரெண்டு தொட்டி இருந்தா கனமாயிருக்கதுதான் தடிச்ச சீட்டு. ஒவ்வொரு வளையத்துக்கும் தனித்தனி வால்வு இருக்கணும். அப்போதான் ஒண்ணு காத்து போனாலும் மத்தது நிக்கும். அடியில தண்ணி வெளியேத்த அடைப்பான் இருக்கணும். அது இல்லாத தொட்டியைக் கவுக்க முடியாம அழுக்குத் தண்ணிய அப்படியே விட்டுருவாங்க. புள்ளைய பொம்மைன்னு விக்கிற சாமானுக்கு 2021 ஜனவரி 1-லேர்ந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வெளிநாட்டுச் சரக்குன்னா பெட்டி மேல இறக்குமதி பண்ணினவங்க பேரு, விலாசம், எந்த நாட்டுல செஞ்சது, அதிகபட்ச விலை எல்லாம் அச்சாகியிருக்கணும். பில்லு இல்லாம வாங்காதீங்க. பெட்டி பிரிக்கும்போதே செல்போன்ல வீடியோ எடுத்து வச்சுக்கிடுங்க. தையல்ல கிழிசல் இருந்து கடைக்காரங்க மாத்தித் தரலன்னா 1915-க்குப் போன் போட்டு நுகர்வோர் புகார் குடுக்கலாம்.

காலை 8:40 – என்ஜினியர் அண்ணாச்சி: இப்போ தரை. தொட்டி கெட்டுப் போறதுல பாதி இங்கனதான். முதல்ல மட்டம் பாக்கணும். கொத்தனார் வச்சிருக்க மட்டக் குழாய், அதான் தண்ணி ஊத்தின கண்ணாடி டியூப்பு, போதும். 6 அடிக்குள்ள ஒரு இஞ்சுக்கு மேல வாட்டம் இருக்கப்படாது. வாட்டம் இருந்தா தாழ்ந்த பக்கம் மண்ணைப் போட்டு நிரப்பாத. போட்ட மண்ணு கனத்துல அமுங்கி திரும்பவும் சாயும். உசந்த பக்கத்தை வெட்டி எடு. நம்ம தெருவுல செம்மண்ணு, நல்லா நிக்கும். கரிசல்ல வீடு இருக்கவங்க கவனமா இருக்கணும், காய்ஞ்சா வெடிக்கும், தண்ணி சிந்தினா உப்பும், மட்டம் தங்காது.

காலை 8:47 – தார்ப்பாய் கடை அண்ணன்: கோரையை விட்டுட்டீங்களே அண்ணாச்சி. தென்னை அடியில கோரைப்புல்லு கட்டாயம் இருக்கும். மேல செதுக்கினா காணாது. கிழங்கு உள்ள இருந்தா ஊசி மாதிரி முளைச்சு தொட்டி அடியைக் குத்திட்டு வந்துரும். மண்வெட்டியால அரை அடி கொத்தி கிழங்கைப் பொறுக்கணும். உடைமுள்ளு, ஓட்டாஞ்சில்லு, கம்பித் துண்டு எல்லாம் வெறுங்கையால தடவிப் பாத்து எடுங்க. அதுக்கு மேல சலிச்ச மணல் ஒரு இஞ்ச், மேல பழைய பிளெக்ஸ் பேனர் ரெண்டு மடிப்பு, அதுக்கு மேல பழைய ஜமுக்காளம். கோரைப்பாய் விரிக்காதீங்க, ஓரத்துல நிக்குத குச்சி குத்தும்.

காலை 8:49 – மேலவீட்டு அக்கா: தென்னை நிழல்லயே போடலாம்லா?

காலை 8:50 – என்ஜினியர் அண்ணாச்சி: கூடவே கூடாது. தேங்காயும் மட்டையும் எப்போ விழும்னு யாரு கண்டா. மரத்தை விட்டுத் தள்ளி வச்சு, மேல பச்சை நிழல் வலை கட்டு. வேப்பமரத்தடியும் ஆகாது, பூவும் இலையும் கொட்டி அரை நாள்ல தண்ணி நாறும்.

காலை 8:53 – கரண்ட் தம்பி: மேல பாக்கணும்க்கா. போஸ்ட்லேர்ந்து வீட்டுக்கு வாற சர்வீஸ் வயருக்கு நேர் கீழ தொட்டி இருக்கப்படாது. கிணத்து மோட்டார் லைனுக்கு 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி., அதான் கரண்ட் கசிஞ்சா தானா லைனைத் துண்டிக்கிற சுவிட்ச், இருக்கான்னு பாருங்க. இருந்தா அதுல உள்ள டெஸ்ட் பட்டனை அமுக்குங்க, உடனே டிரிப் ஆகணும். ஆகலன்னா அதை மாத்தணும். புள்ளைய தண்ணியில இருக்கப்போ மோட்டார் ஓடப்படாது. ஏர்கூலர்ல போடுத சின்ன மோட்டாரை தொட்டிக்குள்ள போட்டு தண்ணி இறைக்காங்க சிலபேரு. ஆளு உள்ள இருக்கப்போ அது உயிருக்கே ஆபத்து. எக்ஸ்டென்சன் பாக்ஸ் தரையில கெடக்கதும் அப்படித்தான்.

காலை 9:10 – தார்ப்பாய் கடை அண்ணன்: காத்து அடிக்கது வெள்ளன, வெயில் ஏறுதுக்கு முந்தி. கைப்பம்பு போதும், 15 நிமிசம். பஞ்சர் கடை கம்ப்ரசர் வேண்டாம், ஒரு நொடியில தையல் விட்டுரும். அமுக்கினா விரல் கொஞ்சம் உள்ள போகணும், அந்த அளவுல நிப்பாட்டுங்க. மத்தியான வெயில்ல உள்ள இருக்க காத்து விரியும். காலையில கல்லு மாதிரி அடிச்சு வச்சா மூணு மணிக்கு வெடிச்சிரும். கீழ் வளையம், நடு வளையம், மேல் வளையம்னு வரிசையா அடிங்க. தண்ணி ஒரு இஞ்ச் நின்னதும் மோட்டாரை நிப்பாட்டிட்டு அடியில இருக்க சுருக்கத்தைக் கையால நீவி வெளிப்பக்கமா தள்ளுங்க. அதுக்கப்புறம் கனம் ஏறிட்டா நகத்த முடியாது. சுருக்கத்து மடிப்புலதான் சீட்டு தேய்ஞ்சு ஓட்டை விழும்.

காலை 9:26 – நர்ஸ் மைனி: தண்ணி சுத்தம் பத்திச் சொல்லுதேன். இதுல வடிகட்டுத மிசினு கிடையாது. நாலு புள்ளைய வேர்வை, மண்ணு, மூத்திரம் எல்லாம் அதுக்குள்ளதான். 550 லிட்டருக்கு பிளீச்சிங் பவுடர் 4 கிராம், தலை தட்டின ஒரு டீஸ்பூன். ஒரு வாளித் தண்ணியில கரைச்சு அரை மணி நேரம் தெளிய விட்டு, மேல தெளிஞ்சதை மட்டும் ஊத்திக் கலக்குங்க. அடியில நிக்குத சுண்ணாம்பை ஊத்துனா தொட்டி வெளுத்துப் போகும், புள்ளைய தோலும் எரியும். கலக்கி அரை மணி கழிச்சுத்தான் இறக்கணும். தெருக் குழாயில குளோரின் பாக்க வாறவங்க வச்சிருக்க குளோரோஸ்கோப் மாதிரி ஒண்ணு வாங்கிக்கிடுங்க. லிட்டருக்கு 1-க்கும் 3 மில்லிகிராமுக்கும் நடுவுல காட்டணும். வெயில்ல குளோரின் மணிக்கணக்குல பறந்துரும், அதனால சாயங்காலம் போடுங்க. பிரிச்ச பிளீச்சிங் பாக்கெட்டு ஒரு மாசத்துல சத்து குறைஞ்சிரும். கக்கூஸ் கழுவுத ஆசிட் பக்கத்துல அதை வைக்கவே வைக்காதீங்க. ரெண்டும் கலந்தா வாற புகை நுரையீரலைப் பிடிச்சிரும்.

காலை 9:29 – மேலவீட்டு அக்கா: எங்க போர் தண்ணியில பவுடர் போட்டா செம்புக் கலரா மாறுது மைனி.

காலை 9:33 – நர்ஸ் மைனி: அது தண்ணியில இருக்க இரும்பு. குளோரின் பட்டதும் துருவா வெளிய வருது. பயப்பட வேண்டாம். முந்தின நாள் டிரம்முல பிடிச்சு பவுடர் போட்டு ராத்திரி பூரா தெளிய விட்டு, மேல் தண்ணிய மட்டும் தொட்டியில விடுங்க. தண்ணி ரெண்டு சாயங்காலத்துக்கு மேல வேண்டாம். மூணு வயசுக்குக் கீழ புள்ளைய இறங்கினா அன்னைக்கே விட்டுரணும். வயித்தால போற புள்ளைய இறக்காதீங்க, நின்ன பிறகும் சில நாள் பொறுங்க. இறங்குதுக்கு முந்தி ஒரு வாளி தலைக்கு ஊத்திட்டு இறங்கட்டும், பாதி அழுக்கு வெளியவே போயிரும்.

இதுக்கெல்லாம் மேல ஒண்ணு. ரெண்டு இஞ்ச் தண்ணி போதும் ஒரு புள்ளை மூழ்க. சத்தமே வராது. கை நீட்டினா தொடுத தூரத்துல பெரிய ஆளு ஒருத்தர் இருக்கணும், கையில செல்போன் இருக்கப்படாது. காலிங்பெல் அடிச்சா புள்ளைய வெளிய தூக்கிட்டுப் போய்த்தான் கதவைத் திறக்கணும். சாயங்காலம் முடிஞ்சதும் தார்ப்பாய் போட்டு மூடுனா மட்டும் பாதுகாப்பு ஆகாது. தார்ப்பாய் மேல புள்ளை விழுந்தா அது சுத்திக்கிடும். பொறவாசல் கதவுக்கு மேல் தாழ்ப்பாள் போடுங்க.

செவ்வாய்

மாலை 4:50 – மேலவீட்டு அக்கா: தொட்டி வந்து போட்டாச்சு. கிணத்துப் பக்கம் லேசா சாயுது. தண்ணி அந்தப் பக்கம் விளிம்பு வரைக்கும் நிக்கி. மேல் வளையமும் காலையில இருந்ததைவிடத் தளர்ந்திருக்கு. ஓட்டையா?

மாலை 4:56 – தார்ப்பாய் கடை அண்ணன்: தளர்ந்தது ஓட்டைன்னு எடுத்துக்காதீங்க. குளுந்த தண்ணி பட்டா உள்ள காத்து சுருங்கும். ரெண்டு பம்பு அடிச்சுப் பாருங்க. நாளைக்குக் காலையிலயும் தளர்ந்திருந்தா சோப்புத் தண்ணிய வால்வுலயும் தையல்லயும் தடவுங்க, குமிழி வாற எடம்தான் ஓட்டை. சைக்கிள் டியூப்பு சொல்யூசன் இதுல பிடிக்காது. பைப்புக்குப் போடுத சொல்யூசன் சீட்டைச் சுருட்டிரும். பெட்டியில குடுத்த ஒட்டுத் துண்டு, வினைல் பசை, இதுதான் வேணும். காத்தை இறக்கி, துடைச்சு, ஒட்டி, மேல ஒரு கனத்தை வச்சு 12 மணி நேரம் விடுங்க.

மாலை 4:58 – என்ஜினியர் அண்ணாச்சி: சாய்வை அப்படியே விடாத தாயி. தண்ணி முழுக்க அந்தப் பக்கம் தள்ளும், மண்ணும் இறங்கும், ராத்திரியோட ராத்திரியா அந்த ஓரம் மடங்கி அவ்வளவும் கிணத்தடிக்கு ஓடிரும். இப்பவே தண்ணிய விட்டுட்டு தென்னைப் பக்கம் ஒரு இஞ்ச் வெட்டு.

மாலை 5:00 – மேலவீட்டு அக்கா: 550 லிட்டரை எப்படி விடுதது? அடைப்பானைத் திறந்தா முற்றம் பூரா சகதியாகும்.

மாலை 5:07 – என்ஜினியர் அண்ணாச்சி: கரண்டே வேண்டாம். முக்கால் இஞ்ச் டியூப்பை முழுசா தண்ணிக்குள்ள முக்கி காத்தை வெளியேத்து. ஒரு முனையை விரலால அடைச்சு வெளிய கொண்டு போய், தொட்டியைவிடத் தாழ்வா இருக்க தென்னம்பாத்தியில போட்டு விரலை எடு. தானா உறிஞ்சிட்டு ஓடும். ஒண்ணு ரெண்டு மணி நேரம் ஆகும், மூணு பாத்திக்கும் மாத்தி மாத்தி விடு. வெயில் காலத்துல ஒரு தென்னை நாளைக்கு அம்பது லிட்டருக்குக் குறையாம கேக்கும், வீணாப் போகாது. கடைசி ரெண்டு இஞ்சுக்கு மட்டும் அடைப்பானைத் திற. வீட்டுச் சுவரு ஓரமா விட்டுராத, அஸ்திவாரத்து மண்ணு இளகும்.

மாலை 5:09 – நர்ஸ் மைனி: குளோரின் போட்ட தண்ணின்னா விடுதுக்கு முந்தி ஒரு நாள் வெயில்ல திறந்து கெடக்கட்டும், ஆளு இறங்காம, பொறவாசல் கதவைப் பூட்டி வச்சு. குளோரோஸ்கோப்ல நிறம் காட்டாமப் போனதும் செடிக்கு விடலாம்.

மாலை 5:10 – மேலவீட்டு அக்கா: இன்னும் பவுடர் போடல மைனி. இப்பவே விட்டுருதேன்.

மாலை 5:18 – கரண்ட் தம்பி: தண்ணிய விட்டதும் காலித் தொட்டிய அப்படியே வைக்காதீங்கக்கா, ரெண்டு மூணு கிலோதான் இருக்கும். வைகாசி பாதிக்கு மேல செங்கோட்டைக் கணவாய் வழியா மேல்காத்து அடிக்க ஆரம்பிச்சிரும். தூக்கி வயர் மேல போட்டுட்டா தெருவுக்கே கரண்ட் போகும். அப்படி வயர்ல மாட்டிக்கிட்டா கம்பு வச்சு எடுக்கப் பாக்காதீங்க, ஈ.பி.க்குச் சொல்லுங்க.

மாலை 5:24 – தார்ப்பாய் கடை அண்ணன்: சீசன் முடிஞ்சு மடிச்சு வைக்கும்போது நிழல்ல நல்லா காய விட்டு, டால்கம் பவுடர் தூவி, இறுக்காம மடிங்க. ஈரத்தோட மடிச்சா கருப்புப் பூஞ்சை பிடிச்சு ஒட்டிக்கிடும், பிரிக்கும்போது கிழியும். எலிக்கு எட்டாத எடமாப் பாத்து வைங்க, நெல்லு மூட்டை பக்கம் வேண்டாம்.

மாலை 6:41 – மேலவீட்டு அக்கா: மூணு பாத்தியும் நிறைஞ்சாச்சு. மண்ணை வெட்டி மட்டக் குழாய் வச்சுப் பாத்தாச்சு, இப்போ அரை இஞ்ச்தான் வித்தியாசம். நாளைக்கு வெள்ளன காத்தடிக்கேன்.

மாலை 6:43 – என்ஜினியர் அண்ணாச்சி: அரை இஞ்ச் போதும். ஜமுக்காளத்தை மறக்காம விரி.