கடலோரக் கடைக்கு எந்த கம்ப்யூட்டர் கேபினெட்? உப்புக்காத்துல பழசு துருப்பிடிச்சுப் போச்சு

மண்டபம் டிடிபி

கடை ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம் ஊர்ல, வடக்குக் கடல் பக்கம், கரையை ஒட்டி. டிடிபி, ஆன்லைன் விண்ணப்ப வேலைக்கு ஒரு டெஸ்க்டாப் ஓடுது. மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு, தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. போர்டும் ராமும் நல்லா இருக்கு, கேபினெட்தான் போச்சு. பின்பக்க ஸ்லாட் (கார்டு சொருகற இடம்) ஓரமெல்லாம் துரு. முன்பக்க யுஎஸ்பி ரெண்டும் பென்டிரைவை எடுக்க மாட்டேங்குது. கேபினெட்டை மட்டும் மாத்தணும். அலுமினியம் வாங்கினா துருவே வராதுங்கறார் ஒருத்தர். முன்னாடி கண்ணாடி போட்டு மூடினதை வாங்கு, காத்தே உள்ள போகாதுங்கறார் இன்னொருத்தர். எதைக் கேக்கறது?

தொண்டி சர்வீஸ்

ரெண்டையும் கேக்க வேண்டாம். துரு எங்க ஆரம்பிச்சிருக்குன்னு முதல்ல பாருங்க. கேபினெட் தகடு பெரும்பாலும் துத்தநாக முலாம் பூசின இரும்பு. முலாம் பூசின பிறகுதான் வெட்டி ஓட்டை போடறாங்க, அதனால வெட்டின ஓரத்துல வெறும் இரும்பு தெரியும். ஸ்லாட் ஓரம், ஸ்க்ரூ ஓட்டை, ஒடிச்சு எடுக்கிற ஸ்லாட் மூடி இதெல்லாம் முதல்ல போறது அதனாலதான்.

அடுத்தது உப்பு. சுத்தமான சோத்துப்பு காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாத்தான் கசியும். கடலுப்புல மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கு, அது 33 சதவீதம் இருந்தாலே காத்துல இருக்கிற தண்ணியை இழுத்துக்கும். நம்ம கரையில காத்து அவ்வளவு காய்ஞ்சு கிடக்குறது ஏது? கச்சான் காத்து அடிச்சாலும் வாடைக்காத்து அடிச்சாலும் பெட்டிக்குள்ள படிஞ்ச தூசி ஈரமாவே இருக்கும். அதனால காத்தைத் தடுக்கப் பாக்காதீங்க, தூசியைத் தடுக்கணும்.

கண்ணாடி முகப்புல இதுதான் கோளாறு. முன்னாடி அடைச்சுட்டா பின்னாடி ஃபேன் வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும், உள்ள காத்தழுத்தம் குறையும். அப்ப யுஎஸ்பி ஓட்டை, டிவிடி மூடி இடுக்கு, ஸ்லாட் சந்துன்னு கிடைச்ச வழியில எல்லாம் வடிகட்டாத காத்து உள்ள வரும். உங்க முன்பக்க யுஎஸ்பி போனதுக்கும் இதுதான் காரணமா இருக்கும்.

வாங்க வேண்டியது வலை முகப்பு, அதுக்குப் பின்னாடி கழட்டிக் கழுவற ஃபில்டர். முன்னாடி 120 மில்லிமீட்டர் ஃபேன் ரெண்டு உள்ள இழுக்கணும், பின்னாடி ஒண்ணு வெளிய தள்ளணும். ஃபில்டர் காத்தைக் குறைக்கும், அதனால ஒண்ணுக்கு ஒண்ணு வெச்சா பத்தாது. மாட்டி முடிச்சதும் ஊதுபத்தியைக் கொளுத்தி ஸ்லாட் சந்துகிட்ட காட்டுங்க. புகை வெளிப்பக்கம் விலகினா சரி. உள்ள போனா பின் ஃபேன் வேகத்தை பயாஸ்ல (மெஷின் எழும்பும்போது திறக்கற செட்டிங்) குறைங்க. மேல் மூடியில வலை இருந்து அதுல ஃபேன் போடலைன்னா காந்தத் தகடு ஒட்டி மூடிடுங்க. மெஷின் நிக்கும்போது தூசி அது வழியாத்தான் விழும்.

அலுமினியம் நல்லதுதான், ஆனா அதுல இரும்பு ஸ்க்ரூ இறங்கற இடத்துல உப்பு ஈரம் பட்டா அலுமினியம் அரிச்சு வெள்ளைப் பொடியா வரும். விலையும் கூட. உங்க வேலைக்குத் தேவையில்லை. கடையில பாக்கும்போது பக்கத் தகட்டைக் கட்டைவிரலால அமுக்குங்க, குழிஞ்சா வேண்டாம். உள்பக்கமும் பெயின்ட் அடிச்சிருக்கணும், ஸ்லாட் மூடி ஸ்க்ரூ போட்டதா இருக்கணும், எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்குக் கரன்ட் குடுக்கிற பவர் சப்ளை) அடியில உருவி எடுக்கிற ஃபில்டர் இருக்கணும்.

ஏர்வாடி நெட்

ஃபில்டரை போர் தண்ணியில கழுவிடாதீங்க. நம்ம பக்கம் பாதி போர் சவர்த்தண்ணி, காய்ஞ்சா வலையிலேயே உப்பு நிக்கும், ஃபேன் அதை உள்ள இழுக்கும். குடிக்கிற தண்ணியில அலசி, நிழல்ல முழுசா காய வெச்சு மாட்டுங்க. பெட்டியைத் தரையில வைக்காம ஒரு அடி உயரத்துல வைங்க, மணல் உள்ள போகாது. ராத்திரி மூட பிளாஸ்டிக் கவர் வேண்டாம், துணி போதும்.

கீழக்கரை ஹார்டுவேர்

தொண்டி அண்ணன் சொன்னதோட மாட்டற விஷயமும் கொஞ்சம். புதுப்பெட்டி வந்ததும், போர்டை வைக்கிறதுக்கு முன்னாடியே, வெட்டின ஓரங்கள்ல நிறமில்லாத நெயில் பாலிஷை மெல்லிசாத் தடவுங்க. ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தகட்டுலயிருந்து தூக்கி நிறுத்தற குட்டி ஸ்க்ரூ கால்) இறங்கற ஓட்டையிலயும் எஸ்எம்பிஎஸ் உக்கார்ற இடத்துலயும் மட்டும் தடவக் கூடாது. உலோகத்தோட உலோகம் தொட்டாத்தான் எர்த் ஓடும்.

மைக்ரோ ஏடிஎக்ஸ் அதிகபட்சம் 244க்கு 244 மில்லிமீட்டர். போர்டுல எத்தனை ஓட்டையோ அத்தனை ஸ்டாண்ட்ஆஃப்தான். பெரிய ஏடிஎக்ஸ் போர்டுக்குன்னு கம்பெனியிலேயே முறுக்கி வெச்ச ஒண்ணு போர்டு அடியில மிச்சம் நின்னா சாலிடரைத் தொட்டு ஷார்ட் ஆகும், மெஷின் எழும்பாது. ஐஓ ஷீல்டைப் (பின்பக்க சாக்கெட்டுகளைச் சுத்தி வர்ற தகடு) பழைய பெட்டியிலேயே விட்டுடாதீங்க, அது போர்டோட வந்தது, புதுப்பெட்டியில கிடைக்காது. ராமைச் சொருகற பக்கத்துத் தங்கக் கோடுகளை ரப்பர் போட்டுத் தேய்க்கிற பழக்கம் வேண்டாம். தங்க முலாம் ரொம்ப மெல்லிசு, அது தேய்ஞ்சா அடியில இருக்கிற உலோகத்தை உப்பு பிடிச்சுக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல நனைச்ச துணி போதும்.

மண்டபம் டிடிபி

நன்றி அண்ணே, நன்றி பாய். இன்னொண்ணு. பின்பக்க ஸ்க்ரூவைத் தொட்டா சுள்ளுங்குது. கேபினெட் மாத்தினா போயிடுமா?

தொண்டி சர்வீஸ்

போகாது தம்பி, அது எர்த் இல்லாத கோளாறு. எஸ்எம்பிஎஸ் உள்ள ஃபேஸ்லயிருந்தும் நியூட்ரல்லயிருந்தும் பாடிக்குச் சின்ன கெபாசிட்டர் இருக்கும். எர்த் அறுந்துட்டா 230ல பாதி, 115 வோல்ட் கிட்ட பாடியில நிக்கும். கரன்ட் ரொம்பக் கம்மிங்கறதால சுள்ளுனு மட்டும் இருக்கு. ஆனா வேற எதுலயாவது லீக்கேஜ் வந்தா அதே பாடி ஆளை அடிக்கும்.

நம்ம மண் உப்பு ஈரம், எர்த் நல்லாவே கிடைக்கும். எர்த் பைப்பும் கிளாம்பும் துருவுல கரைஞ்சு போறதுதான் நடக்கறது. குழியைத் தோண்டி கிளாம்பைப் பாக்கச் சொல்லுங்க. மல்டிமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம், துருப்பிடிச்ச எர்த்லயும் அது 230 காட்டும். எலக்ட்ரீஷியனை விட்டு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல 100 வாட் குண்டு பல்பைப் போட்டுப் பாக்கச் சொல்லுங்க. முழு வெளிச்சம் வரணும். ஆர்சிசிபி (லீக்கேஜ் வந்தா கரன்டைக் கட் பண்ற சுவிட்ச்) இருந்தா ட்ரிப் ஆகும், அதுல எர்த் ஓரளவு இருக்குன்னு மட்டும்தான் தெரியும், நல்லா இருக்குன்னு தெரியாது. இதை முடிச்சுட்டு புதுக் கேபினெட்டை மாட்டுங்க.