பென்னிகுவிக் என்ற குடும்பப் பெயர்க்காரர் யாரையாவது நேரில் பார்த்திருக்கிறீர்களா? அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

சின்னமனூரான்

ஸ்காட்லாந்து டண்டீயில் வாடகை வீடு. பாய்லர் படுத்துருச்சு. ஹவுஸ் ஓனர் பிளம்பரை அனுப்புறேன்னு சொல்லிட்டு அவர் பேரை மெசேஜில் போட்டார். பென்னிகுக். நம்ம ஊர்க்காரனுக்கு அந்தப் பேரைப் பார்த்ததும் என்ன ஆகும்னு இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. டீ போட்டு வச்சு வாசல்லயே நின்னேன்.

வந்தவருக்கு அறுபது வயசு இருக்கும். பாய்லரைக் கழட்டவே விடாம, முல்லைப் பெரியாறு அணை கட்டின கர்னல் ஜான் பென்னிகுவிக் உங்களுக்கு என்ன முறைன்னு கேட்டேன். யாருன்னார். தாத்தா ஃபைஃப் பக்கம் தச்சு வேலை பார்த்தவராம், குடும்பத்தில் கர்னல் யாரும் கிடையாதாம். விடல நான். போனில் லோயர் கேம்ப் மணிமண்டபம், மாலை போட்ட சிலை, ஜனவரி 15 அன்னைக்கு வரிசையா பொங்கல் பானை, எல்லாத்தையும் காட்டினேன். கையெல்லாம் மசகு. அதனால விரல் முட்டியை மடக்கி வச்சு ஸ்கிரீனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். சிலையைத் தாண்டிப் போயிட்டார், பானையைத் தாண்டிப் போயிட்டார். அணை படத்தில் நின்னார்.

"எந்த வருஷம்?"

"1895."

"சிமென்டா?"

"இல்ல, சுண்ணாம்பும் சுர்க்கியும். செங்கல் பொடி."

"ம். நல்ல கலவை."

அப்புறம் மண்டபத்துப் பெயர்ப்பலகையை மறுபடி பார்த்து, "இது எங்க பேர் இல்ல. எங்களுக்கு கடைசியில ஓ-ஓ-கே"ன்னு சொல்லிட்டு ஸ்பேனரை எடுத்துட்டார். அவ்வளவுதான். எங்க வீட்டுல சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பேர் அது. அந்த மனுஷனுக்கு பில்லில் போடுற கையெழுத்து. இன்னமும் மனசு ஆறல. வேற யாருக்காச்சும் இப்படி ஆயிருக்கா?

மார்ச்மான்ட் மணி

எடின்பரோவில் நிறைய வருஷமா இருக்கேன். 37ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறினா கடைசியில் பெனிக்யூக் ஊர். எழுதுறது எப்படியோ, பஸ்ஸில் அறிவிப்பு வர்றப்போ "பென்னிகுக்"னுதான் வரும். சின்னமனூரான் சொன்ன பிளம்பர் பேரும் கர்னல் பேரும் இந்த ஒரே ஊரிலிருந்து கிளம்பினதுதான். எழுத்து பின்னாடி மாறினது.

ஊர்ப் பேரைப் பார்த்து நானும் ஒரு நாள் ஆசையா இறங்கினேன். நார்த் எஸ்க் ஆத்தங்கரை, பழைய காகித ஆலை இருந்த இடம், நெப்போலியன் காலத்தில் பிரெஞ்சுக் கைதிகளை அடைச்சு வச்சிருந்த வேலிஃபீல்ட், எல்லாம் பார்த்தாச்சு. அந்தப் பேர் உள்ள ஒரு கடை, ஒரு வீடு இருக்கான்னு பஸ் ஸ்டாப்பில் ஒரு பாட்டியம்மாவைக் கேட்டேன். சிரிச்ச சிரிப்பில் பல்செட் கழண்டிரும் போல இருந்தது. "இங்க இருக்கிறவனை எதுக்குய்யா ஊர்ப் பேரைச் சொல்லிக் கூப்பிடணும்? வெளியூர் போனாத்தான் அந்தப் பேரே ஒட்டும்."

யோசிச்சா அதுதான் முழு வரலாறும். ஆரம்பத்தில் நிலம் வச்சிருந்த குடும்பத்துக்குத்தான் அந்தப் பேர். 1296இல் இங்கிலாந்து ராஜா முதலாம் எட்வர்டுக்குப் பணிஞ்சு ஸ்காட்லாந்துக்காரங்க வரிசையா முத்திரை வச்சாங்களே, ரேக்மன் ரோல், அதிலேயே ஹ்யூ டி பெனிக்யூக் வர்றார். நிலத்துக்கு ஒரு விசித்திரமான நிபந்தனை. ராஜா பக்கத்துக் காட்டில் வேட்டைக்கு வந்தா, பக்ஸ்டேன்னு ஒரு கல் மேல உட்கார்ந்து மூணு தரம் கொம்பு ஊதணும். அந்தக் கல் எடின்பரோ பிரெய்ட் ரோட்டுப் பக்கம் இன்னும் இருக்கு, பார்த்தா ஏமாந்துருவீங்க, இத்துனூண்டு. 17ஆம் நூற்றாண்டில் நிலம் கை மாறிப் போச்சு. பாரீஸில் வியாபாரம் பண்ணிச் சம்பாதிச்ச ஜான் கிளார்க் 1654இல் வாங்கினார். இயற்பியல் மேதை ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் இந்தக் கிளார்க் வம்சம்தான். கொம்பு ஊதுற கடமையும் நிலத்தோட கிளார்க் குடும்பத்துக்குப் போயிருச்சு. பேர் மட்டும் பழைய ஆளுங்களோட கிளம்பிருச்சு.

அதனால சின்னமனூரான், உங்க பிளம்பரைக் கோவிச்சுக்காதீங்க. தச்சர் வம்சமும் கர்னல் வம்சமும் ஒரே ஊரை விட்டு வெவ்வேறு காலத்தில் கிளம்பின ரெண்டு பேரோட வழியா இருக்கலாம். ஒரே பேர்னா ஒரே ரத்தம்னு எந்த விதியும் இல்ல.

கூடலூர் மருமகன்

மணி அண்ணே, ரத்தம் விதின்னு சொன்னதுக்கு ஒரு கதை இருக்கு, கேளுங்க. இதைச் சொல்லத்தான் அக்கவுண்டே ஆரம்பிச்சேன்.

என் மச்சான் பேர் பென்னிகுவிக். கூடலூர்ல பிறந்தவன். எங்க பக்கம் அந்தப் பேர் வைக்கிறது புதுசில்லன்னு தெரியும். ஸ்லவ் ஊருக்கு வேலைக்கு வந்தான். பாஸ்போர்ட்டில் நம்ம வழக்கப்படி பிள்ளைக்கு அப்பா பேர்தானே குடும்பப் பெயர் கட்டத்தில் போகும்? ஆக என் அக்கா மக இங்கிலாந்துப் பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் மிஸ் பென்னிகுவிக். முதல் நாள் ஸ்காட்லாந்துக்கார டீச்சர் ஒருத்தங்க அதைப் படிச்ச விதம், "பென்னிகுக்", எங்க ஊர்லயே யாரும் அப்படிச் சுத்தமா சொன்னதில்ல.

போன வருஷம் நீச்சல் போட்டியில் பேர் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்துச்சு. கொஞ்ச நாளில் பள்ளிக்கூடம் மூலமா ஒரு கவர் வருது. அனுப்பினவர் ரிட்டயர்டு மனுஷர், இந்த ஒரே குடும்பப் பெயரை வச்சு உலகம் பூரா யார் யார் இருக்காங்கன்னு சேகரிக்கிறாராம். நாலா மடிச்ச பெரிய தாள். பிரிச்சா சாப்பாட்டு மேசை பூரா வம்ச மரம். பெர்த்ஷயர் கிளை, ஃபைஃப் கிளை, ஆஸ்திரேலியா, கனடா. கீழே வலது ஓரத்தில் பென்சிலில் ஒரு வெறும் கட்டம், அதுக்குள்ள என் அக்கா மக பேர். அதிலிருந்து மேல ஒரு கோடு, கோட்டு நுனியில் ஒரு கேள்விக்குறி. "உங்கள் தாத்தா பெயரும் பிறந்த ஊரும் தெரிவித்தால் எந்தக் கிளை என்று பொருத்திவிடுவேன்"னு பணிவா ஒரு கடிதம்.

தாத்தா பேர் மாயாண்டி. பிறந்த ஊர் கூடலூர். முல்லைப் பெரியாறு தண்ணியில் இரண்டு போகம் நெல்லு போட்டவர். அதை அந்தக் கட்டத்தில் எழுதி அனுப்பணும்னு மச்சான், அனுப்பாதே அந்தப் பெரியவர் மனசு உடைஞ்சிரும்னு அக்கா. தாள் இன்னும் பிரிட்ஜ் மேல மடிச்சபடி கிடக்கு. பார்க்கிறப்பல்லாம் என்னமோ பண்ணுது.

வைகை வடிநிலம்

எழுதி அனுப்புங்க! தன் சொத்தெல்லாம் வித்து நமக்கு அணை கட்டின மனுஷன் பேரை வச்சிருக்கோம். அதைவிட என்ன வாரிசுரிமை வேணும்?

மார்ச்மான்ட் மணி

சொத்து வித்த கதையை இங்கேயும் ஆரம்பிச்சாச்சா. அது மதராஸ் அரசாங்கத்துப் பொதுப்பணித் துறை வேலை. அரசாங்கக் கஜானாப் பணம். கூட வேலை பார்த்த மெக்கன்சியே திட்டத்தோட வரலாறை 1899இல் புத்தகமா எழுதியிருக்கார், படிங்க. அவர் பெருமைக்கு இந்தக் கதை தேவையே இல்ல. கட்ட ஆரம்பிச்சதை வெள்ளம் அடிச்சுட்டுப் போன பின்னாடியும் அந்தக் காட்டில் விடாம நின்னு கட்டி முடிச்சாரே, அது பத்தாதா?

வைகை வடிநிலம்

நீங்க எடின்பரோவில் உட்கார்ந்து சொல்லுவீங்க. எங்க அப்பத்தா சொன்னது எனக்குப் போதும்.

ஃபார்ன்பரோ அக்கா

நீங்கள் ரெண்டு பேரும் சண்டையைப் பிறகு பிடியுங்கோ. நான் யாழ்ப்பாணம். இந்த அணை, பொங்கல் ஒண்டும் எனக்குத் தெரியாது. கூட வேலை செய்யிற கம்பம் பிள்ளை ஒருத்தி ஒரு சனிக்கிழமை, "அக்கா, ஃபிரிம்லி எவ்வளவு தூரம், காரில கூட்டிக்கொண்டு போவீங்களோ" எண்டு கேட்டாள். ஏதோ உறவுக்காரர் வீடு எண்டு நினைச்சன். போய் நிண்டால் செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயச் சுடலை!

அவள் பையில இருந்து கரும்புத் துண்டு ஒண்டை எடுத்தாள். லண்டன் ரூட்டிங்கில ஒரு கடையில வாங்கினதாம், செலோடேப் சுத்தி இருந்தது. கர்னலின்ரை கல்லறைக்கு முன்னால வைச்சுட்டு, செருப்பைக் கழட்டிப்போட்டு ஈரப் புல்லில நிண்டு கும்பிட்டாள். நாயோடை நடந்து வந்த ஒரு வெள்ளைக்காரி, "அது மூங்கிலா?" எண்டு கேட்டா. கரும்பு எண்டு சொன்னன். "ஓ, டயட்டில இருக்கிற நாய், இழுத்துப் பிடிக்கிறன்" எண்டு போட்டுப் போயிட்டா.

அந்தப் பிள்ளை சொன்ன விஷயம்தான் எனக்கு மறக்குதில்லை. கர்னல் 1841இல பிறந்தது பூனாவில. தகப்பனும் ஜான் பென்னிகுவிக்தான், ராணுவம். 1849 சிலியன்வாலா சண்டையில தகப்பன் செத்தார். பதினேழு வயசு மகன் அலெக்சாண்டர் தகப்பன்ரை உடம்புக்குக் காவல் நிண்டு அவனும் செத்தான். இப்ப அந்த இடம் பாகிஸ்தானில. தம்பி, எங்கடை கர்னலுக்கு, அப்ப எட்டு வயசு நிரம்ப ரெண்டு நாள் இருந்தது. வளர்ந்து அணை கட்டி, 1911இல கேம்பர்லியில கண் மூடினார். அவருக்கு அஞ்சு பொம்பிளைப் பிள்ளையளும் ஒரே ஒரு மகனும். மகன் லண்டனில பெரிய நீதிபதி, சர் ஜான் பென்னிகுவிக், 1982 வரைக்கும் இருந்தவர். வம்ச மரம் கீறிற ஐயா கிளையைக் கீறட்டும், இந்தக் குடும்பத்தின்ரை கல்லறையளைக் கீறினாலே பாதி உலகம் வந்திடும். கேம்பர்லியில 2022இல தமிழ்நாட்டு அரசாங்கம் வைச்ச சிலையையும் வரேக்க பார்த்தம். கரும்பு அங்க வைக்கேல்லை, மிச்சம் இருந்ததைக் காரில கடிச்சுக்கொண்டு வந்தம்.

ஆவணப் புழு

எனக்குப் பெரிய கதை இல்லை. பறவைகள் பறக்கும் முறை பற்றி ஒரு கட்டுரை தேடியபோது நூலகத்தில் கிடைத்த பெயர் சி. ஜே. பென்னிகுவிக். பிரிஸ்டலில் இருந்தவர். மோட்டார் கிளைடரில் ஏறி ஆப்பிரிக்காவில் கழுகுகளின் பின்னாலேயே பறந்து அளவெடுத்த விஞ்ஞானி. அணைக்காரரின் பேரனா என்று தேட ஆரம்பித்து, பறவையை விட்டுவிட்டுக் குடும்பப் பெயர் ஆராய்ச்சியில் விழுந்தேன். இன்னும் எழுந்திருக்கவில்லை.

கூடலூர் மருமகனுக்கும் மற்றவர்களுக்கும் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். யாரும் கேட்கவில்லை, பரவாயில்லை.

எழுத்தை நம்பாதீர்கள். பழைய காலத்தில் பேருக்குரியவருக்கு எழுதத் தெரியாது, பாதிரியாரோ குமாஸ்தாவோ காதில் விழுந்ததை எழுதினார். பென்னிகுக், பென்னிகுவிக், பெனிக்யூக், பென்னெக்யூக் எல்லாம் ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்குள்ளேயே வரும். ட்வீட்டேல் பற்றி 1715இல் புத்தகம் போட்ட மருத்துவர் அலெக்சாண்டர் பென்னெக்யூக் எழுதிய எழுத்தை இன்று தேடினால் ஆள் கிடைப்பது கஷ்டம். ஆகவே தேடும்போது முன்பாதியைப் போட்டு நட்சத்திரக் குறி வையுங்கள்.

ஸ்காட்லாந்து என்றால் ஸ்காட்லாந்ஸ்பீப்பிள் தளம். பிறப்பு, திருமணம், இறப்புக்கான அரசுப் பதிவு 1855இல்தான் தொடக்கம். அந்த முதல் வருடச் சான்றிதழ் ஒன்று கையில் கிடைத்தால் புதையல், அவ்வளவு விவரம் கேட்டிருப்பார்கள். வேலை பளு தாங்காமல் அடுத்த வருடமே குறைத்துவிட்டார்கள். அதற்கு முந்தையது தேவாலயப் பதிவேடு, ஓட்டை நிறைய. இங்கிலாந்து, வேல்ஸ் பதிவு 1837இலிருந்து, அதன் பெயர் அட்டவணையை ஃப்ரீபிஎம்டி தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஸ்காட்லாந்தில் ஒரு வசதி: பெண்களைப் பிறந்த வீட்டுப் பெயரிலேயே ஆவணத்தில் எழுதுவார்கள், அதனால் தாய் வழியும் அறுந்துபோகாது. மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர் வைப்பது அங்கேயும் வழக்கம். வசதி மாதிரி தெரியும், ஆனால் ஒரே ஊரில் ஏழு ஜான் வந்து நிற்கும்போது அழுகை வரும்.

குடும்பப் பெயர் வரைபடங்களைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். பெரும்பாலும் 1881 குடிக்கணக்கை வைத்துப் போட்டது. அந்த ஒரு இரவு யார் எங்கே தூங்கினார்கள் என்றுதான் அது சொல்லும். தொடங்கின ஊரைச் சொல்லாது. அரிய பெயரில் ஒரே ஒரு குடும்பம் எட்டுப் பிள்ளையோடு குடிபெயர்ந்தால் அந்த மாவட்டமே சிவப்பாகிவிடும்.

கடைசியாக, "உங்கள் குடும்பச் சின்னம்" என்று கோப்பை, சாவிக்கொத்து விற்பவர்களிடம் காசு கொடுக்காதீர்கள். ஸ்காட்லாந்தில் சின்னம் தனி ஆளுக்கு உரியது, குடும்பப் பெயருக்கு அல்ல. அதற்கென்றே லார்ட் லயன் நீதிமன்றம் இருக்கிறது, விளையாட்டில்லை.

மருமகன், அந்தக் கட்டத்தில் மாயாண்டி என்று மை பேனாவில் எழுதி அனுப்புங்கள். ஒற்றைப் பெயர் ஆராய்ச்சி செய்பவர்களுக்குப் பொய்யான கோடுதான் வலி. நிஜமான விளக்கம் கிடைத்தால் குதிப்பார்கள். இன்னும் நூறு வருடம் கழித்து ஸ்லவ்வில் ஏன் திடீரென்று ஒரு பென்னிகுவிக் கிளை முளைத்தது என்று யாராவது மண்டையைப் பிய்த்துக்கொள்ளாமல் இருக்கட்டும்.

கூடலூர் மருமகன்

அக்காகிட்ட இதை வாசிச்சுக் காட்டினேன். "மாயாண்டின்னு மட்டும் எழுதினா அவருக்கு என்ன புரியும், அணை படத்தையும் சேர்த்து வை"ன்னுட்டா. மச்சான் ப்ரின்ட் எடுக்கப் போயிருக்கான்.

வைகை வடிநிலம்

ஆவணப் புழு, அந்தக் கோப்பை விஷயத்தைக் கொஞ்சம் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா? பொங்கலுக்குக் கொடுக்க பன்னிரண்டு ஆர்டர் போட்டுட்டேன். கொம்புப் படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கேன்சல் பண்ண முடியுமான்னு யாருக்காச்சும் தெரியுமா?