உறுதி முடிவு வரும்வரை நிறுவனத் தலைவர் பேசாமல் இருக்கலாமா?

கேள்வி (ஆய்வுமேசை):
பதப்படுத்திய இறைச்சி தயாரிக்கும் நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பில் இருக்கிறேன். ஒரு தயாரிப்புத் தொகுதியில் லிஸ்டீரியா கிருமி இருக்கலாம் என்று முதற்கட்டப் பரிசோதனை காட்டுகிறது. உறுதி முடிவுக்கு இன்னும் சில நாட்கள் ஆகும். சரக்கோ கடைகளுக்குப் போய்விட்டது. "உறுதியாகத் தெரியாததைச் சொல்லி மக்களைக் கலவரப்படுத்துவது மட்டும் நேர்மையா?" என்கிறார் நிர்வாக இயக்குநர். கெட்ட மனிதர் அல்லர், உண்மையாகவே கேட்கிறார். என்ன பதில் சொல்ல?

வடகரை:
அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2011இல் ஜெர்மனியில் ஈ. கோலை தொற்று பரவியபோது, ஸ்பெயின் வெள்ளரிக்காய்தான் காரணம் என்று ஹாம்பர்க் அதிகாரிகள் அவசரப்பட்டு அறிவித்தார்கள். அதில் இருந்தது வேறு வகைக் கிருமி. உண்மைக் காரணம் வெந்தய முளை. அதற்குள் ஸ்பெயின் விவசாயிகளின் விளைச்சல் குப்பைக்குப் போய்விட்டது.

பழைய அறிக்கையாளன்:
நிறுவனங்களுக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தே ஓய்வு பெற்றவன் நான். ஹாம்பர்க் அதிகாரிகள் எச்சரித்ததில் பிழையில்லை. பழியை யார்மேல் போடுவது என்று அன்றே முடிவு செய்ததுதான் பிழை. அங்கே நட்டப்பட்டவர் மூன்றாம் மனிதர். இங்கே எச்சரிக்கை பொய்யானால் நட்டம் உங்களுக்கு, மௌனம் தவறானால் சாவு வேறு வீட்டில். இரண்டையும் ஒரே தராசில் வைக்க உங்கள் இயக்குநருக்கு உரிமையில்லை.

லிஸ்டீரியா குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் பெருகும். நோய் வெளிப்படச் சில சமயம் வாரக்கணக்கில் ஆகும். கர்ப்பிணிக்கு லேசான காய்ச்சலோடு போய்விடலாம், கருவில் இருக்கும் குழந்தை பிழைக்காமல் போகலாம். நீங்கள் காத்திருக்கும் நாட்களில் யாரோ அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கிறார்.

2008இல் கனடாவின் மேப்பிள் லீஃப் ஃபுட்ஸ் இறைச்சியில் இதே கிருமி இருந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தலைவர் மைக்கேல் மெக்கெயின் தொலைக்காட்சியில் தோன்றி மன்னிப்புக் கேட்டார். வழக்கறிஞர், கணக்கர் இருவர் பேச்சையும் தான் கேட்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். (அவரை மகானாக்குகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. அது இறப்புகளுக்குப் பிறகு வந்த பேச்சு. உங்களுக்கு அதற்கு முன்பே பேச வாய்ப்பு கிடைத்திருக்கிறது.)

உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் இன்றே சொல்லுங்கள். அறிக்கையில் தொகுதி எண்ணும், யார் கட்டாயம் தவிர்க்க வேண்டும் என்பதும், வாங்கியவர் என்ன செய்ய வேண்டும் என்பதும் இருக்கட்டும். இது முதற்கட்ட முடிவுதான் என்பதையும், அடுத்த தகவல் எந்த நாளில் வரும் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். "பீதியடையத் தேவையில்லை" என்ற வரியை மட்டும் அடித்துவிடுங்கள். எல்லா முதலாளிகளும் முதலில் கேட்கும் வரி அதுதான்.

கடலோரன்:
எத்தனை பொட்டலம் என்று கேட்பார்கள். குறைத்துச் சொல்லிவிடாதீர்கள். 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் கசிந்த எண்ணெய்க்கு முதலில் சொன்ன கணக்கு நாளுக்கு 1,000 பீப்பாய், பிறகு 5,000. அரசு விஞ்ஞானிகள் பின்னர் கணித்ததோ 50,000க்கு மேல். அளவு பற்றி அமெரிக்க நாடாளுமன்றத்தைத் தவறாக வழிநடத்தியதையும் அந்தக் கிணற்றின் உரிமையாளரான பிபி எண்ணெய் நிறுவனம் 2012இல் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆய்வுமேசை:
இயக்குநரிடம் படித்துக் காட்டினேன். சம்மதித்துவிட்டார், ஆனால் அறிக்கை தரக்கட்டுப்பாட்டுத் துறையின் பெயரில் போகட்டும் என்கிறார்.

பழைய அறிக்கையாளன்:
கூடாது. அவர் பெயரில், அவர் கையெழுத்தோடு போக வேண்டும். வெளியிடுவதற்கு முன் உங்கள் தொழிலாளர்களுக்கும், தொலைபேசி எடுப்பவர்களுக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.